விளையாட்டில் உடன் வரும் துணை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் கணினி விளையாட்டு உருவாக்கப் பழகும் இளைஞர்களுடன் சேர்ந்து வேலை செய்கிறேன். கதாநாயகனுடன் கூடவே வரும், கணினியே இயக்கும் துணைப் பாத்திரம் ஒன்றை வைக்கலாமா, வைத்தால் எப்படி வைப்பது என்று அவர்கள் ஓயாமல் கேட்கிறார்கள். அவர்களுடைய பெற்றோருக்கும் வேறு கேள்விகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் இங்கே பதில் தருகிறேன். உதாரணத்துக்கு நாங்கள் செய்துவரும் சிறு விளையாட்டு ஒன்றை அடிக்கடி எடுத்துக்கொள்வேன். மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் வேளாண்மை விளைந்து நிற்கும் வட்டை (வயல்வெளி) ஒன்றை, இரவில் பரணில் இருந்து யானை வராமல் காவல் காக்கும் பையனும் அவனுடைய நாயும்தான் அதன் கதை. பையனை விளையாடுபவர் இயக்குவார். நாயைக் கணினி இயக்கும்.

பொட் என்று சொல்வதும் துணைப் பாத்திரமும் ஒன்றா?

இல்லை. இணையப் போட்டியில் ஆள் குறையும்போது இடத்தை நிரப்ப வரும் கணினி ஆட்டக்காரரைத்தான் இளைஞர்கள் பொட் என்கிறார்கள். 2008இல் வந்த லெஃப்ட் 4 டெட் விளையாட்டில் நால்வர் அணியில் மனிதர் இல்லாத இடங்களைக் கணினி நிரப்பும். நான் பேசுவது அதைவிட நெருக்கமான ஒன்றைப் பற்றி. கதைக்குள் உங்களுடன் சேர்ந்து, நீங்கள் போகும் வழியெல்லாம் வரும் பாத்திரம் அது. மனிதனாக இருக்கவேண்டும் என்பதும் இல்லை. 1987இல் வெளிவந்த நெட்ஹேக்கில், எழுத்துக்குறிகளால் வரைந்த சுரங்கத்துக்குள் நீங்கள் இறங்கும்போதே பெரும்பாலும் ஒரு நாய்க்குட்டியோ பூனைக்குட்டியோ கூட வரும். துணைப் பாத்திரம் பற்றிய பாடத்தை நான் அந்தக் குட்டியிலிருந்துதான் தொடங்குவேன்.

துணை இருந்தால் விளையாட்டு எந்த வகையில் மேம்படுகிறது?

சண்டைக்கு இன்னொரு கை கிடைக்கிறது என்பார்கள். அது சிறிய நன்மைதான். விளையாட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் கணக்குகளைத் துணை தன் நடத்தையால் காட்டிவிடுகிறது என்பதே பெரிய நன்மை.

நெட்ஹேக்கின் நாயையே பாருங்கள். தரையில் கிடக்கும் வாள் சாபம் பிடித்ததா, நல்லதா என்பது எடுத்துப் பயன்படுத்தும்வரை உங்களுக்குத் தெரியாது. நாய் சாபம் பிடித்த பொருளை மிதிக்க விரும்பாது. மிதிக்க நேர்ந்தால் அது தயங்கித்தான் நகர்கிறது என்று திரையில் ஒரு வரி வரும். அந்த வரியைக் கவனித்தவர் வாளைத் தொடமாட்டார். படமே இல்லாத ஒரு விளையாட்டு, வெறும் ஒரு வரியால், நாயை நம்பவைத்துவிடுகிறது. இதை முதன்முதலாகப் பார்க்கும் பிள்ளைகளின் முகம் மாறுவதை நான் ஒவ்வொரு முறையும் ரசிக்கிறேன்.

பரண் விளையாட்டில் இதே வழியைத்தான் எடுத்தோம். யானைக்குக் கண்பார்வை மட்டு, மோப்பம் மிகக் கூர்மை. நாயும் மோப்பத்தால் வாழும் பிராணி. காற்று யானை நிற்கும் பக்கத்திலிருந்து பரணை நோக்கி வீசினால், எங்கள் நாய் வெகு முன்னதாகவே எழுந்து காதை நிமிர்த்தும். காற்று மாறி வீசினால், யானை வேலியைத் தாண்டி வயலுக்குள் கால்வைத்த பிறகுதான் அதற்குத் தெரியும். காற்றின் திசையைக் காட்டத் திரையின் மூலையில் ஓர் அம்புக்குறியைப் போட்டிருக்கலாம். வேண்டுமென்றே போடவில்லை. நாயின் காதும் அது திரும்பிப் பார்க்கும் பக்கமும் அந்த வேலையைச் செய்கின்றன. சற்று நேரம் விளையாடிய பிள்ளைகள், நாய் அமைதியாகப் படுத்திருப்பதைக் கண்டாலும் நிம்மதி அடைவதில்லை. நெற்கதிர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கிறார்கள். காற்றைப் பற்றி யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இரண்டாவது நன்மை, வேலையைப் பங்குபோடுவது. 2006இல் வந்த ஹாஃப் லைஃப் 2: எபிசோட் வன் விளையாட்டில் இருண்ட நிலத்தடிப் பகுதி ஒன்று வரும். டோர்ச் வெளிச்சம் உங்களிடம் இருக்கும், துப்பாக்கி அலிக்ஸ் வான்ஸ் என்ற பெண்ணிடம் இருக்கும். நீங்கள் எதன்மேல் வெளிச்சம் பாய்ச்சுகிறீர்களோ அதை அவள் சுடுவாள். கட்டளைப் பட்டியல் எதுவும் தேவையில்லை. நீங்கள் பார்க்கும் இடமே கட்டளையாகிவிடுகிறது. கதாநாயகன் கோர்டன் ஃபிரீமன் ஒரு சொல்லும் பேசாதவன் என்பதால் கதையைச் சொல்லும் பொறுப்பும் அவளுடையதுதான்.

துணை நன்றாகச் சண்டை போடவேண்டாமா?

வேண்டாம். விளையாடுபவருக்கு முன்னால் துணை எதிரியை முடித்துவிட்டால் விளையாடுபவர் வெறும் பார்வையாளர். அடிக்கடி குறி தவறினால் சுமை. இந்த இரண்டுக்கும் நடுவில் சரியான அளவைத் தேடுவதைவிட, துணைக்கு வேறு வேலை கொடுப்பது நல்லது.

2013இல் வந்த பயோஷாக் இன்ஃபினிட் இதற்கு நான் காட்டும் சிறந்த உதாரணம். அதில் கூட வரும் எலிசபெத் என்ற பெண் சண்டை போடுவதில்லை. அவளைப் பாதுகாக்கத் தேவையில்லை என்று விளையாட்டே உங்களுக்கு அறிவித்துவிடுகிறது. சண்டையின் நடுவில் உங்கள் தோட்டா குறையும்போது, அல்லது உயிர் வற்றும்போது, எங்கிருந்தோ தேடியெடுத்து உங்கள் பக்கம் எறிவாள். ஒரு பொத்தானை அழுத்தி, எறிந்ததைப் பிடித்துக்கொள்ளவேண்டும், அவ்வளவுதான். சுடுவதும் வெல்வதும் உங்களுடையவை. ஆனால் அந்த நெருக்கடியில் யாரோ ஒருவர் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார் என்ற உணர்வு மிஞ்சும். துணைப் பாத்திரத்தின் தரத்தை நான் அளப்பது இந்த உணர்வைக் கொண்டுதான். எத்தனை எதிரிகளைக் கொன்றது என்று பார்ப்பதில்லை.

2018இன் கோட் ஒஃப் வோர் வேறு வழியில் அங்கே போய்ச் சேர்கிறது. மகன் அட்ரியஸ் எப்போது அம்பு எய்யவேண்டும் என்பதைத் தந்தையாக விளையாடும் நீங்கள் ஒரு பொத்தானால் சொல்கிறீர்கள். அம்பு அவனுடையது, சமயம் உங்களுடையது.

எங்கள் நாய் யானையைத் துரத்துவதில்லை. குரைக்கச் சொன்னால் குரைக்கும். சில யானைகள் பின்வாங்கும், சில சினந்து பரணை நோக்கியே வரும். குரைக்கவைப்பதா, யானை வெடியைக் கொளுத்துவதா, இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பதா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் விளையாடுபவர்.

ஒருவரைப் பாதுகாத்து அழைத்துப் போகும் கட்டங்கள் ஏன் இவ்வளவு எரிச்சலூட்டுகின்றன?

மூன்று காரணங்கள் உண்டு. அந்த நபர் நீங்கள் நடப்பதைவிட வேகமாகவும் ஓடுவதைவிட மெதுவாகவும் போவார், ஆகவே நீங்கள் நின்று நின்று போகவேண்டும். எதிரியைக் கண்டால் அவராகவே நடுவில் போய் நிற்பார். அவர் இறந்தால் தண்டனை உங்களுக்கு. 2000இல் வந்த டைகட்டானா பெற்ற கெட்ட பெயரில் பெரும்பங்கு அதன் துணைவர்களுக்கு உரியது. வழி தெரியாமல் முட்டிக்கொண்டு நிற்பார்கள், அவர்கள் செத்தால் ஆட்டம் முடிந்துவிடும்.

2005இன் ரெசிடென்ட் ஈவில் 4 இதைப் பெரிதும் திருத்தியது. நீங்கள் பாதுகாத்து அழைத்துப் போகும் ஆஷ்லி என்ற பெண்ணை நிற்கச் சொல்லலாம், பின்தொடரச் சொல்லலாம், சில இடங்களில் குப்பைத்தொட்டிக்குள் ஒளிந்திருக்கச் சொல்லலாம். நீங்கள் அவள் பக்கமாகத் துப்பாக்கியை நீட்டினால் அவளாகவே குனிந்துகொள்வாள். அந்தச் சிறு குனிவு எனக்கு மிகவும் பிடிக்கும். செய்தவர்கள் விளையாடுபவரின் கோபத்தை முன்கூட்டியே நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். 2023இல் அதே விளையாட்டைப் புதிதாகச் செய்தபோது ஆஷ்லிக்கென்று இருந்த, உயிரின் அளவைக் காட்டும் தனிப் பட்டையையும் எடுத்துவிட்டார்கள். கண்காணிக்கவேண்டிய பட்டை ஒன்று குறைந்தது.

எதிரியின் கண்ணில் துணை படாமல் செய்வது ஏமாற்று இல்லையா?

2013இன் தி லாஸ்ட் ஒஃப் அஸ் விளையாட்டைப் பற்றி இந்தக் கேள்வி பலமுறை வந்திருக்கிறது. நீங்கள் பதுங்கிப் போகும்போது கூட வரும் எல்லி என்ற சிறுமி எதிரியின் முன்னாலேயே ஓடினாலும் அவனுக்குத் தெரியாது. நீங்கள் அகப்பட்டால் மட்டும்தான் சண்டை தொடங்கும். பார்ப்பவருக்கு அது விநோதமாகத் தெரியும், உண்மைதான்.

ஆனாலும் அவர்கள் செய்தது சரி என்பதே என் கருத்து. துணையின் தவறால் விளையாடுபவர் தோற்றால், அந்தத் துணையை அவர் மன்னிக்கமாட்டார். கதை எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் அந்த வெறுப்பு போகாது. விநோதமான ஒரு கணத்தை அவர் மறந்துவிடுவார். ஆகவே முதலில் துணை எதிரியின் பாதையில் போகாதபடி முயலுங்கள். முடியாமல் போகும் இடத்தில் விளையாடுபவருக்குச் சாதகமாக விதியைத் தளர்த்துங்கள்.

பின்னாலேயே வரவைப்பது எளிதுதானே?

எளிது என்று நினைத்துத்தான் எல்லாரும் தொடங்குகிறார்கள். வேலையின் பெரும்பகுதி இதில்தான் போகும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் வழி தேடல். நடக்கக்கூடிய தரையைச் சிறு சிறு பலகோணங்களாகப் பிரித்து வைப்பார்கள். அதற்கு நேவிகேஷன் மெஷ் என்று பெயர். அதன்மேல் குறுகிய வழியைத் தேட இன்றும் பெரும்பாலும் பயன்படுவது ஏ ஸ்டார் என்ற முறை. பீட்டர் ஹார்ட், நில்ஸ் நில்சன், பெர்ட்ரம் ராபேல் ஆகிய மூவரும் 1968இல் வெளியிட்டது. அறைகளுக்குள் தானாக நடமாடிய ஷேக்கி என்ற ரோபோவின் ஆராய்ச்சியில் பிறந்த முறை அது. நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளில் இவை ஏற்கனவே இருக்கும், நீங்களே எழுதவேண்டியதில்லை.

சிக்கல் அதற்குப் பிறகுதான். துணையின் இலக்கு கதாநாயகன் நிற்கும் புள்ளியாக இருந்தால், அது அவன் முதுகில் வந்து முட்டும். அவனைச் சுற்றிப் பக்கவாட்டிலும் சற்றுப் பின்னாலும் நிற்கக்கூடிய பல புள்ளிகளை எடுத்து, சுவர் குறுக்கிடாத, விளையாடுபவரின் பார்வையை மறைக்காத ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள். அவன் ஓரடி நகர்ந்ததும் துணையும் ஓரடி நகர்ந்தால் பொம்மைபோல் இருக்கும். சிறிது தூரம் போகும்வரை பொறுத்திருந்து பிறகு புறப்படட்டும். துணையின் உச்ச வேகம் கதாநாயகனின் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்கவேண்டும், பின்தங்கினால் எட்டிப் பிடிக்க வேறு வழியில்லை. மிகவும் பின்தங்கிவிட்டால் கெமராவுக்கு வெளியே உள்ள ஓர் இடத்தில் கொண்டுவந்து வைத்துவிடுங்கள். விளையாடுபவர் பார்க்கும்போது மட்டும் அதைச் செய்யாதீர்கள்.

கடைசியாகக் குறுகிய வழி. 2011இன் ஸ்கைரிம் விளையாட்டில் துணையாக வரும் லிடியா என்ற பெண் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பதை விளையாடியவர் எவரும் மறக்கமாட்டார். எங்களுக்கு வாசல் இல்லை, வயல் வரம்பு இருக்கிறது. வரம்பு ஒரு பாதத்தின் அகலம்தான். நாய் முன்னால் நின்றால் பையன் போகமுடியாது. ஆகவே பையன் நெருங்கியதும் நாய் வரம்பிலிருந்து வயலுக்குள் இறங்கி வழிவிட்டு, அவன் போனபின் ஏறிக்கொள்ளும்படி செய்தோம். உண்மையான நாயும் அதைத்தான் செய்யும்.

துணை பேசவேண்டுமா? எவ்வளவு பேசலாம்?

பேச்சில் கெட்டுப்போன துணைகள் அதிகம். 1998இன் செல்டா விளையாட்டான ஒக்கரினா ஒஃப் டைமில் வரும் நாவி என்ற தேவதை, எதிரியைக் குறிவைக்க உதவும் அருமையான துணை. ஆனாலும் அடிக்கடி கூப்பிட்டதற்காகத்தான் நினைவில் நிற்கிறது. 2022இன் கோட் ஒஃப் வோர்: ராக்னரொக் வந்தபோது, புதிரை யோசிக்கத் தொடங்குவதற்குள் கூட வருபவர்கள் விடையைச் சொல்லிவிடுகிறார்கள் என்று பலர் குறைப்பட்டார்கள்.

இதற்கு அளவுகோல் நம் கூத்துக் களரியிலேயே இருக்கிறது. ஏட்டண்ணாவியார் ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழுக் கூத்தையும் பின்தொடர்வார். ஆடுபவர் வரியை மறந்தால் முதற்சொல்லை மட்டும் எடுத்துக்கொடுப்பார். தடுமாறாதவருக்கு எடுத்துக்கொடுப்பதில்லை, தடுமாறுபவருக்கும் முழு வரியைத் தானே பாடிவிடுவதில்லை. துணையின் குறிப்பும் அப்படி வரட்டும். விளையாடுபவர் அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறாரா, ஒரே தவறை மீண்டும் செய்கிறாரா என்று கணினியால் கணிக்க முடியும். கணித்த பிறகு ஒரு பார்வை, அதற்கும் பிறகு ஒரு சொல். விடை கேட்டால் மட்டும்.

திரும்பத் திரும்ப ஒரே வசனம் வராமலிருக்க, லெஃப்ட் 4 டெட் செய்த முறை நல்லது. ஒவ்வொரு வசனத்துக்கும் நிபந்தனைகள் எழுதிவைத்து, அந்த நேரத்து நிலைமைக்கு மிகக் குறிப்பாகப் பொருந்தும் வசனத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். யார் பேசுகிறார், எந்த இடம், யாருக்குக் காயம் என்று எவ்வளவு நிபந்தனைகள் பொருந்துகின்றனவோ அவ்வளவுக்கு அந்த வசனம் முன்னுரிமை பெறும். சிறிய குழுவும் இதைச் செய்யலாம்.

எங்கள் ஊர்ப் பேச்சில் பேசவைக்கலாமா?

கட்டாயம். கல்முனையிலோ வாழைச்சேனையிலோ இருக்கும் பிள்ளைக்கு, அண்ணன் பாத்திரம் “மறுகா போவம் தம்பி, கொஞ்சம் பொறு” என்று சொன்னால் அது உடனே தன் அண்ணனாகிவிடும். குரல் கொடுக்க ஊரிலேயே ஆட்கள் இருக்கிறார்கள், கூத்தாடிப் பழகியவர்களின் குரலுக்கு ஈடில்லை. எழுத்தில் காட்டுவதானால் மென்பொருளைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். சிலவற்றில் தமிழின் கொம்பும் காலும் இடம் மாறி விழும். இலவசமாகக் கிடைக்கும் கோடோ, 2023இல் வந்த அதன் நான்காம் பதிப்பிலிருந்து தமிழ் எழுத்துகளைச் சரியாகச் சேர்த்துக் காட்டுகிறது.

சொன்னதைக் கேட்காத துணையை யாராவது விரும்புவார்களா?

விரும்புகிறார்கள், காரணம் புரிந்தால். 2016இன் தி லாஸ்ட் கார்டியன் விளையாட்டில் ட்ரிக்கோ என்ற பெரும் விலங்கு நீங்கள் காட்டும் பக்கம் உடனே பாய்வதில்லை. பார்க்கும், யோசிக்கும், சில வேளை வேறெங்கோ போகும். பொறுமை இழந்தவர்களும் உண்டு, அதை உயிருள்ள பிராணியாகவே நினைத்தவர்களும் உண்டு. அதை இயக்கிய ஃபுமிட்டோ உவேடா 2001இல் செய்த இகோவில் யோர்டா என்ற பெண்ணின் கையைப் பிடிக்க ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கவேண்டும். விரலை எடுத்தால் கை விடுபடும். அந்த ஒரு பொத்தானில் அவர் கட்டிய பாசத்தை இன்றுவரை பலர் பின்பற்றுகிறார்கள்.

புதிதாகத் தொடங்குபவர் ட்ரிக்கோவைப் பின்பற்றாதிருப்பது நல்லது. கீழ்ப்படியாமை என்று நீங்கள் நினைத்துச் செய்வது, விளையாடுபவருக்குப் பழுது என்றே தோன்றும். எங்கள் நாய் ஒரே ஒரு சமயத்தில்தான் சொல் கேட்காது: யானை மிக அருகில் இருக்கும்போது பரணை விட்டு இறங்க மறுக்கும். அந்த மறுப்பே ஓர் எச்சரிக்கை.

துணை எப்படி நடக்கவேண்டும் என்ற விதிகளை விளையாடுபவரிடமே விடலாமா?

விடலாம், அது தனிச் சுவை. 2006இன் ஃபைனல் ஃபாண்டசி 12இல் கேம்பிட் என்ற பட்டியல் உண்டு. கூட்டாளியின் உயிர் பாதிக்குக் கீழே போனால் குணப்படுத்து என்பது போன்ற விதிகளை நீங்களே மேலிருந்து கீழாக அடுக்குவீர்கள், மேலே உள்ளதற்கு முன்னுரிமை. பாடசாலையில் தகவல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைக்கு நிபந்தனைக் கூற்றுகளைப் புரியவைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இனிமேல் எல்லாத் துணைகளும் செயற்கை நுண்ணறிவுடன் பேசுமா?

முயற்சிகள் நடக்கின்றன. பப்ஜியை வெளியிடும் கிராஃப்டன் நிறுவனம், விளையாடுபவருடன் குரலில் பேசி இணைந்து ஆடும் துணைவனை, கணினிச் சில்லுகள் செய்யும் என்விடியாவுடன் சேர்ந்து செய்வதாக 2025 ஜனவரியில் அறிவித்தது. ஆர்வமாகத்தான் இருக்கிறது. ஆனால் பேச்சைத் தானே உருவாக்கும் பெரிய மொழி மாதிரிகள் வலுவான கணினியையோ நிலையான இணைப்பையோ கேட்பவை. படுவான்கரையில் சிக்னல் வந்து வந்து போகும் ஊர்களில், பழைய போனில், டேட்டா இல்லாமல் ஓடும் விளையாட்டுக்குத்தான் முதல் தேவை. நான் மேலே சொன்ன எதற்கும் அந்த வகை நுண்ணறிவு வேண்டாம். நாயின் காதை நிமிர்த்த ஒரு நிபந்தனை போதும்.

என் மகன் தனியாகவே விளையாடுகிறான். இப்படிப்பட்ட துணை அவனை இன்னும் தனிமைப்படுத்தாதா?

நியாயமான கவலை. கணினித் துணை நண்பனுக்கு மாற்றாகாது, அப்படி விற்கப்படும் எதையும் நம்பாதீர்கள். சில இலவச விளையாட்டுகள் துணைப் பிராணியையே காசுக்கு விற்கின்றன, அதையும் கவனியுங்கள். ஆனால் இணையத்தில் முன்பின் தெரியாதவர்களின் வசவைக் கேட்டுக்கொண்டு விளையாடுவதைவிட, கதையுள்ள ஒரு விளையாட்டில் ஒரு துணையுடன் நடப்பது சிறு பிள்ளைக்கு நல்லது என்றே நினைக்கிறேன்.

இன்னொரு வழியும் இருக்கிறது. 1992இன் சோனிக் 2இல் டெயில்ஸ் என்ற நரியைக் கணினி இயக்கும். இரண்டாவது கொன்ட்ரோலரை எடுத்தால் வேறொருவர் அதை இயக்கலாம். டெயில்ஸ் விழுந்தாலும் திரும்பி வந்துவிடும், எனவே தங்கை தடுமாறினாலும் அண்ணன் தோற்பதில்லை. எங்கள் நாயையும் இப்படி இன்னொருவர் கைக்கு மாற்றலாம். மகனிடம் கேட்டு நீங்களே அந்த நாயை எடுத்துக்கொள்ளுங்கள்.

துணையைச் சாகவிடலாமா?

ஒரு விளையாட்டில் ஒரு தடவை, கதைக்கு அது இன்றியமையாததானால். 2007இன் போர்ட்டலில் இதயப் படம் ஒட்டிய ஒரு பெட்டியை எரிக்கச் சொன்னபோதே பலர் தயங்கினார்கள், அது அசையக்கூட இல்லை. மக்களின் மனம் அவ்வளவு எளிதில் ஒட்டிக்கொள்ளும். அழவைப்பதற்காக மட்டும் அதைச் செய்யாதீர்கள். எங்கள் நாய் சாகாது. யானை தாக்கும் ஊர்களில் பிள்ளைகள் பார்த்த சாவுகள் போதும்.

எங்கிருந்து தொடங்குவது?

சண்டை, பேச்சு, கட்டளை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, துணை கூட நடப்பதை மட்டும் முதலில் செய்யுங்கள். வெற்றுத் தரை, ஒரு சுவர், ஒரு குறுகிய வழி போதும். அடுத்ததாக, விளையாடுபவர் நின்றால் துணை அவரைத் திரும்பிப் பார்க்கட்டும். அதற்குப் பிறகு, திரையில் நீங்கள் எண்ணாகவோ பட்டையாகவோ காட்ட நினைத்த ஒன்றைத் துணையின் உடலுக்கு மாற்றிப் பாருங்கள். இவ்வளவும் ஆனதும், விளையாட்டே தெரியாத ஒருவரிடம் போனைக் கொடுத்துவிட்டு, எதுவும் சொல்லாமல் பக்கத்தில் இருங்கள். துணையோடு அவர் வாய்விட்டுப் பேசும் இடங்களையும் அதைத் திட்டும் இடங்களையும் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். திட்டிய இடங்களை முதலில் திருத்துங்கள்.